ரீமேக்குக்கு மார்க் போடுறவர் பழைய கேமை ஆடியிருக்கணுமா, வேண்டாமா?

கடைசிசேவ் எழுதியது:

ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு, இழையே தொடங்கிடலாம்னு வந்துட்டேன்.

ஒரு ரீமேக் வெளிவர்ற அன்னைக்கே விமர்சனங்கள் வரிசை கட்டி வந்துடுது. கிராஃபிக்ஸ் பிரமாதம், கன்ட்ரோலை இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்காங்க, பழைய ரசிகர்களுக்கும் பிடிக்கும், புதுசா வர்றவங்களுக்கும் பிடிக்கும், பத்துக்கு ஒன்பது. கேம் பேரை அழிச்சுட்டு வேற பேர் போட்டாலும் அப்படியே பொருந்தும்.

எனக்கு வேண்டியது வேற. எதை மாத்தினாங்க, முன்னாடி அது ஏன் அப்படி இருந்துச்சு, மாத்தினதால என்ன போச்சு, என்ன வந்துச்சு. இதைச் சொல்லணும்னா பழசை ஆடியிருக்கணும்.

ரெசிடென்ட் ஈவில் 2-ங்கிற ஜாம்பி கேமை எடுத்துக்கங்க. 1998-ல வந்தது. நாம ஆடுற பாத்திரம் ரெண்டு: லியானுக்கு ஒரு டிஸ்க், கிளேருக்கு ஒரு டிஸ்க். ஒருத்தரை வெச்சு முடிச்சப்புறம் அதே ராத்திரியை இன்னொருத்தர் பக்கத்துல இருந்து ஆடலாம். போலீஸ் ஸ்டேஷன்ல ஆயுத அறை ஒண்ணு வரும். உள்ளே ஒரு சப்மெஷின் கன், கூடுதலா பொருள் வெச்சுக்க ஒரு பை. முதல் ஆட்டத்துல ரெண்டையும் அள்ளிட்டீங்கன்னா, ரெண்டாவது ஆட்டத்துல அடுத்த ஆள் வந்து பார்க்கும்போது அங்கே ஒண்ணும் இருக்காது. உங்க பேராசைக்கு நீங்களே மாட்டிக்குவீங்க.

2019 ரீமேக்ல இது கிடையாது. ரெண்டு பேரும் பெரும்பாலும் அதே புதிரைத் தீர்க்குறாங்க, அதே பாஸ் வில்லனை ஆளுக்கொரு தடவை அடிக்கிறாங்க. கதைப்படி ரெண்டும் ஒரே ராத்திரிதான்! மத்தபடி அது அட்டகாசமான கேம், சந்தேகமே இல்லை. விமர்சகர் மார்க்கைத் திரட்டுற மெட்டாகிரிட்டிக் தளத்துல பிஎஸ்4 பதிப்புக்கு 90-க்கு மேல வந்ததுல எனக்கு வருத்தமும் இல்லை. ஆனா நான் படிச்ச விமர்சனங்கள்ல அந்த ஆயுத அறையைப் பத்தி ஒருத்தர்கூட எழுதலை.

என்ன சொல்றீங்க?

தகரடப்பா எழுதியது:

பழசை ஆடினவங்க மட்டும்தான் எழுதணும்னா எல்லா விமர்சனமும் "அந்தக் காலத்துல நாங்கல்லாம்"னுதான் ஆரம்பிக்கும். பரவாயில்லையா?

மூன்றாம்வரிசை எழுதியது:

நான் கேம் ஆள் இல்லை, சினிமா ஆள். ஆனாலும் இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு.

சினிமாவில் ரீமேக் வந்தால் விமர்சகர் கேட்கும் முதல் கேள்வி "இதை ஏன் எடுத்தார்கள்?" என்பதுதான். ஹிட்ச்காக்கின் 1960 'சைக்கோ'வை 1998-ல் கஸ் வான் சான்ட் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே வண்ணத்தில் எடுத்தார். கேமரா வைத்த இடம் அதே, வசனம் அதே, இசை அதே. உயிர் மட்டும் வரவில்லை என்று பலரும் எழுதினார்கள். அவர்கள் எல்லாருமே பழைய படத்தைப் பார்த்தவர்கள், அதனால்தான் அப்படி எழுத முடிந்தது.

கேம் விமர்சகர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காததற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. பழைய படத்தை இன்றைக்கும் எந்தத் திரையிலும் ஓட்டிப் பார்க்கலாம். பழைய கேம் அது ஓடிய இயந்திரத்தோடு சேர்ந்து செத்துப்போகிறது. ஆகவே ரீமேக் என்றாலே "அப்பாடா, திரும்பக் கிடைத்ததே" என்கிற நிம்மதிதான் முதலில் வருகிறது. அந்த நிம்மதிக்கே இரண்டு மார்க் கூடுதலாகப் போய்விடுகிறது என்று சந்தேகிக்கிறேன்.

நிலவறை எழுதியது:

மூன்றாம்வரிசை சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். கேமோட பழைய பதிப்பு தானா சாகுறது ஒரு பக்கம். சில சமயம் கொன்னுடறாங்க.

ஜிடிஏ ட்ரைலஜி டெஃபினிட்டிவ் எடிஷன் 2021 நவம்பர்ல வந்துச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பழைய மூணு கேமையும் டிஜிட்டல் கடைகள்ல இருந்து எடுத்துட்டாங்க. புதுசு எப்படி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். மழை பெஞ்சா திரை முழுக்க வெள்ளைக் கோடு, எதிரே வர்ற வண்டி தெரியாது. அதுல ஒரு கேமான சான் ஆன்ட்ரியாஸ்ல தூரத்துப் புகைமூட்டத்தைத் தூக்கிட்டதால விமானத்துல மேல போனா மொத்த மேப்பும் ஒரே பார்வையில தெரியும். மூணு பெரிய நகரம், நடுவுல காடு, பாலைவனம்னு பிரம்மாண்டமா இருந்த உலகம் பொம்மை மாதிரி சுருங்கிப் போச்சு. அந்தப் புகை அங்கே இருந்தது பிளேஸ்டேஷன் 2-க்கு அவ்வளவு தூரம் வரைய முடியாதுன்னுதான். ஆனா உலகம் பெருசுன்னு நம்ப வெச்சதும் அதேதான்.

இதைவிட எனக்குப் பிடிச்ச உதாரணம் ஒரு டோனட் கடை. கடைப் பேர்லயே 'நட்' வரும், போர்டு மேல போல்ட்டுக்குப் போடுற அறுகோண நட் ஒண்ணு பெருசா நிக்கும். டோனட், நட்டு, புரியுதா, அதுதான் ஜோக். புதுப் பதிப்புல எல்லா மாடலோட முனையையும் மழமழன்னு ஆக்கினப்போ அந்த நட்டும் உருண்டையாயிடுச்சு. முனை போச்சு, ஜோக்கும் போச்சு. மாத்தினவருக்கு அது ஏன் ஆறு முனையோட இருக்குன்னு தோணவே இல்லை.

அப்புறம் கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பிசியில பழைய பதிப்புகளைத் திரும்பக் கொடுத்தாங்க.

கடைசிசேவ் எழுதியது:

அந்த நட்டு! இதைத்தான் சொல்ல வந்தேன்.

வார்கிராஃப்ட் 3 கதை இதைவிட மோசம். 2020 ஜனவரியில ரீஃபோர்ஜ்ட்ங்கிற அதோட ரீமேக் வந்தப்போ, அதை வாங்காதவன், பழசை மட்டும் வெச்சு ஆடிக்கிட்டு இருந்தவன், அவனுக்கும் புது கிளையன்ட் மென்பொருள்தான். பழைய கேம்ல இருந்த சில வசதிகள் புதுசுல இல்லை. காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு ரீஃபண்ட் கொடுத்தாங்க. வாங்காதவனுக்கு எதை ரீஃபண்ட் பண்றது?

மூன்றாம்வரிசை எழுதியது:

எங்கள் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. ஸ்டார் வார்ஸ் முதல் மூன்று படங்களையும் ஜார்ஜ் லூகாஸ் 1997-ல் திருத்தி வெளியிட்டார். ஹான் சோலோ முதலில் சுட்டானா, எதிரில் உட்கார்ந்தவன் சுட்டானா என்று இன்றுவரை சண்டை. அதன் பிறகு திருத்திய பதிப்புதான் முறையான பதிப்பு என்றாகி, 1977-ல் மக்கள் பார்த்த படத்தை நல்ல தரத்தில் பார்ப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது.

புதுசாவந்தவன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ரீமேக் வழியாத்தான் இந்த கேம்களுக்கே வந்தேன். பழசை ஆடினதே இல்லை. நீங்க எல்லாரும் பேசுறதைப் பார்த்தா என்னை மாதிரி ஆளுங்க ரசிக்கிறதே தப்புங்கிற மாதிரி இருக்கு.

எனக்கு ஒரு விமர்சனம் சொல்ல வேண்டியது "இப்போ வாங்கினா நல்லா இருக்குமா" அவ்வளவுதான். 1998-ல அந்த ஆயுத அறை அலமாரியில என்ன இருந்துச்சுன்னு எனக்கு எதுக்கு அண்ணே?

கடைசிசேவ் எழுதியது:

தப்புன்னு யார் சொன்னா தம்பி. நீ ரசி. நான் கேட்கிறது விமர்சகரை.

உனக்கும் அது எதுக்குத் தேவைன்னா, நல்ல ரீமேக் எது, பெயின்ட் மட்டும் அடிச்சது எதுன்னு பிரிச்சுப் பார்க்க. 2002-ல கேம்கியூபுக்கு வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் ரீமேக் இருக்கே, அதை எடுத்தவர் பழசை எடுத்த அதே மிகாமி. 1996 கேம்ல ஒரு நீள நடைபாதை, அதுல நடந்தா ஜன்னலை உடைச்சுக்கிட்டு நாய் பாயும். ஆடின அத்தனை பேருக்கும் அது மறக்காது. ரீமேக்ல அதே நடைபாதைக்கு வருவோம், நெஞ்சு படபடன்னு அடிக்கும், கண்ணாடியில கீறல் விழற சத்தம் கேட்கும். நாய் வராது! அப்பாடான்னு போயிட்டு, வேற வேலையா திரும்பி வரும்போதுதான் வரும்.

ஜாம்பியும் அப்படித்தான். பழசுல சுட்டா செத்தது செத்ததுதான். ரீமேக்ல தலையைச் சிதறடிக்கணும், இல்லை எரிக்கணும், இல்லேன்னா கொஞ்ச நேரம் கழிச்சு சிவப்பா எழுந்து ஓடி வரும். எல்லாத்தையும் சுட்டுத் தள்ளிட்டு போற பழைய ஆட்டக்காரனோட பழக்கத்துக்கே வெச்ச பொறி. பழசு தெரியாதவனுக்கு நல்ல பயம், தெரிஞ்சவனுக்கு ரெட்டிப்பு பயம். இந்த ரெண்டாவது பாதியை விமர்சனம் சொல்லலேன்னா அந்த கேமோட பாதி சாமர்த்தியம் யாருக்கும் தெரியாமலே போயிடும்.

தகரடப்பா எழுதியது:

நாயை ஸ்பாய்லர் பண்ணிட்டீங்களே அண்ணே, பையன் இன்னும் ஆடலை.

கடைசிசேவ் எழுதியது:

கேம் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுய்யா.

நிலவறை எழுதியது:

இன்னொரு சிக்கல் இருக்கு. பழசை ஆடின விமர்சகரே எழுதினாலும், சில மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

கிராஷ் பேண்டிகூட் என். சேன் ட்ரைலஜி, 2017, மூணு பழைய கேமோட ரீமேக். பார்க்க அச்சு அசல். ரசிகர்கள் ஆட ஆரம்பிச்சதும் புலம்பல்: முதல் பாகத்துல தாவினா விளிம்புல நிக்கவே மாட்டேங்குது, வழுக்கி விழுதுன்னு. நிறைய பேர் "சின்ன வயசுல நல்லா ஆடினோம்னு நினைப்பு, இப்போ வயசாயிடுச்சு"ன்னு கிண்டல் பண்ணாங்க. கடைசியில ஸ்டுடியோவே விளக்கம் கொடுத்துச்சு: மோதல் கணக்கு மாத்தியிருக்கு, கிராஷைச் சுத்தி இருக்கிற கண்ணுக்குத் தெரியாத வடிவம் மாத்திரை மாதிரி அடியில வளைஞ்சு இருக்கு. அதனால விளிம்புல கால் பட்டா நிக்காம சறுக்கும். 'தி ஹை ரோடு' கட்டத்துல பாலத்துப் பலகைக்குப் பலகை தாவும்போது இது உயிரை எடுக்கும். கூடவே மூணு பாகத்துக்கும் ஒரே தாவல் முறையை வெச்சதால, முதல் பாகத்துக்குன்னு அளந்து வெச்ச இடைவெளிகள் அதுக்குச் சரியா ஒத்துவரலை.

ஸ்கிரீன்ஷாட்டை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்குற விமர்சனத்துல இது எந்த ஜென்மத்துலயும் வராது.

நல்ல விதமாவும் நடக்கும். ஜெல்டா ஆக்கரினா ஆஃப் டைம்ல வாட்டர் டெம்பிள்னா அந்தக் காலத்துல எல்லாருக்கும் அலர்ஜி. இரும்பு பூட்ஸ் போட்டா தண்ணிக்கு அடியில போகலாம், கழட்டினா மிதக்கலாம். ஒவ்வொரு தடவையும் கேமை நிறுத்து, மெனுவுக்குப் போ, பூட்ஸை மாத்து, வெளியே வா. அதுவே பாதி நேரம் தின்னும். 2011-ல 3டிஎஸ் பதிப்பு வந்தப்போ பூட்ஸை ஒரு சாதாரணப் பொருளாக்கி பட்டனுக்குக் கொடுத்துட்டாங்க. கோயில் அதே கோயில், புதிர் அதே புதிர், எரிச்சல் மட்டும் போயிடுச்சு. எது கஷ்டம், எது வெறும் தொல்லைன்னு பிரிக்கத் தெரிஞ்ச கை அது.

மூன்றாம்வரிசை எழுதியது:

> புதுசாவந்தவன்: "இப்போ வாங்கினா நல்லா இருக்குமா" அவ்வளவுதான்

அதற்கு விமர்சகர் வேண்டாம், எண்ணே போதும். ஆனால் எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்து பாருங்கள். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் படம் நூற்றுக்குத் தொண்ணூறு என்று பலரும் நினைக்கிறார்கள். பத்தில் ஒன்பது விமர்சகர்கள் 'தேவலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். எல்லாரும் பத்துக்கு ஆறு போட்டிருந்தாலும் அங்கே 100 காட்டலாம். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் தூக்கி எறிந்த படம் 50-தான் காட்டும். எனக்கு அந்த 50 படங்கள்தான் பெரும்பாலும் சுவாரசியம். மெட்டாகிரிட்டிக் சராசரி எடுக்கிறது, அதுவும் எல்லா பத்திரிகைக்கும் ஒரே எடை கொடுப்பதில்லை.

2019 'லயன் கிங்' ரீமேக் வந்தபோது விமர்சகர்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் பிடித்தது. பார்வையாளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்குப் பிடித்தது என்றார்கள். வசூல் 160 கோடி டாலருக்கு மேல். உடனே "விமர்சகர்களுக்கு மக்களின் நாடி தெரியாது" என்று கூச்சல். நிஜ சிங்கம் மாதிரி வரைந்ததால் முகத்தில் பாவமே வரவில்லை என்று விமர்சகர்கள் எழுதியது சரிதான். குழந்தையைக் கூட்டிப் போனவர்கள் சந்தோஷமாகத் திரும்பியதும் சரிதான். இரண்டு தரப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

விமர்சகர்கள் சறுக்கியதும் உண்டு, மறைக்கவில்லை. 'பானி அண்ட் கிளைட்' 1967-ல் வந்தபோது நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி க்ரௌதர் திரும்பத் திரும்பத் திட்டி எழுதினார். நியூயார்க்கரில் பாலின் கேல் அதற்கு ஆதரவாக மிக நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருடம் க்ரௌதர் அந்த இடத்தில் இல்லை. 1982-ல் கார்பென்டரின் 'தி திங்' படத்தைக் கழுவி ஊற்றினார்கள், இன்று திகில் பட வரிசை எதை எடுத்தாலும் அது இருக்கிறது. ஆனால் கேல் ஜெயித்தது நட்சத்திரம் போட்டு அல்ல. அந்தப் படத்தின் வன்முறை பார்க்கிறவனை என்ன செய்கிறது என்று காட்சி காட்சியாக எழுதித்தான் ஜெயித்தார்.

தகரடப்பா எழுதியது:

அப்போ ரசிகர் மார்க்கை நம்பலாமா? தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்த அன்னைக்கு, முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல ஆகுற கேமுக்கு, சில மணி நேரத்துலயே ஆயிரக்கணக்குல பூஜ்யம் வந்து குவிஞ்சுது. பறந்து பறந்து ஆடினாங்க போல.

நிலவறை எழுதியது:

அதுக்கப்புறம்தான் மெட்டாகிரிட்டிக் விதியை மாத்துச்சு. கேம் வெளிவந்து 36 மணி நேரம் வரைக்கும் ரசிகர் மார்க் போட முடியாது. கோபத்தை அது தணிக்கலை, தள்ளி வெச்சுது.

மார்க்கை சும்மா விளையாட்டா நினைக்காதீங்க. ஃபால்அவுட் நியூ வேகஸ் கேமை எடுத்த அப்சிடியன் ஸ்டுடியோவுக்கு மெட்டாகிரிட்டிக்ல 85 வந்தா போனஸ்னு ஒப்பந்தம். 84 வந்துச்சு. ஒரே ஒரு புள்ளி.

மட்டுறுத்தினர் எழுதியது:

அடுத்து ஃபைனல் ஃபேன்டஸி 7 பேச்சு வரும் என்று தெரிகிறது. 1997 கேமின் முக்கியமான மரணத்தைப் பற்றிப் பேசுவதானால் மறைத்து எழுதவும். நாய் விவகாரத்தை இந்த ஒருமுறை விட்டுவிடுகிறேன்.

புதுசாவந்தவன் எழுதியது:

அந்த கேமைத்தான் கேட்கணும்னு இருந்தேன். 2020-ல வந்த ரீமேக்கை முடிச்சேன். சாம்பல் நிறத்துல பேய் மாதிரி உருவங்கள் அடிக்கடி வந்து வழிமறிச்சுது. எனக்கு ஒண்ணுமே விளங்கலை. விமர்சனத்துல எல்லாம் தைரியமான முயற்சின்னு போட்டிருந்தாங்க. என்ன தைரியம்?

கடைசிசேவ் எழுதியது:

பார்த்தியா, இப்போ உனக்கே அந்த அலமாரி தேவைப்படுது!

அந்த உருவங்களோட வேலை, கதை 1997-ல நடந்த மாதிரியே நடக்குதான்னு காவல் காக்குறது. யாராவது பழைய கதையில இருந்து விலகினா ஓடி வந்து இழுத்துப் போடும். அதாவது "ஒரு எழுத்துகூட மாத்தக்கூடாது"ன்னு கத்துற என்னை மாதிரி ரசிகனைத்தான் வில்லனா உள்ளே வெச்சிருக்காங்கன்னு நான் எடுத்துக்கறேன். அதோட சண்டை போட்டு ஜெயிச்சப்புறம் அடுத்த பாகத்துல கதை எங்கே வேணும்னாலும் போகலாம். முதல் தடவை புரிஞ்சப்போ சிரிச்சுட்டேன்.

மூன்றாம்வரிசை எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரீமேக் என்று பெயர் வைத்து விற்றுவிட்டு, பழசைத் தெரியாதவனுக்குப் புரியாத ஒரு கதையை உள்ளே வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சினிமாவில் இதைத் தொடர்ச்சி என்றுதான் சொல்வோம்.

நிலவறை எழுதியது:

நான் மூன்றாம்வரிசை பக்கம். 2002 ரெசிடென்ட் ஈவில்ல நாய் வராததும் பழைய ரசிகனுக்கு வெச்ச குறும்புதான். ஆனா அதனால புதுசா வந்தவனுக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே அப்படி இல்லையே.

தகரடப்பா எழுதியது:

தலைப்புக்கு வாங்கப்பா. ஆடியிருக்கணுமா, வேண்டாமா?

மூன்றாம்வரிசை எழுதியது:

சினிமா விமர்சகர் ராஜர் ஈபர்ட் 2010-ல் வீடியோ கேம் ஒருநாளும் கலை ஆக முடியாது என்று எழுதினார். ஆயிரக்கணக்கில் எதிர்வினை வந்தது. சில மாதம் கழித்து, தன் கருத்தை மாற்றிக்கொள்ளாமலே ஒன்றை ஒப்புக்கொண்டார்: பார்க்காத படத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்ல மாட்டேன், ஆடாத கேமைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது என்று. ரீமேக் விமர்சனத்துக்கும் அதே அளவுகோலை வைக்கலாம். புது கேமை மட்டும் ஆடியவர் புது கேமைப் பற்றித் தாராளமாக எழுதட்டும். "பழசைவிட மேல்" என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுத வேண்டாம்.

நிலவறை எழுதியது:

இது எனக்கு சம்மதம். பத்திரிகைகள் நினைச்சா ரெண்டு பேரை வெச்சு எழுத வைக்கலாம், ஒருத்தர் பழசு தெரிஞ்சவர், ஒருத்தர் தெரியாதவர். விமர்சனம் வெளியாகுற தேதியைக் குறிச்சு வெச்சுக்கிட்டு கேமைக் கையில கொடுக்குற வரைக்கும் பழசையும் ஆடிட்டு வா-ன்னா யாருக்கு நேரம் இருக்கும்ங்கிறதும் நிஜம்தான்.

புதுசாவந்தவன் எழுதியது:

சரி, பேசிப் பேசி எனக்கும் ஆசை வந்துடுச்சு. பழசு ஒண்ணு ஆடிப் பார்க்கலாம்னா எதுல ஆரம்பிக்கட்டும்? சைலன்ட் ஹில் 2 பழசு?

கடைசிசேவ் எழுதியது:

அது இப்போ கடையில கிடைக்காது தம்பி. 2012-ல வந்த எச்டி கலெக்‌ஷன் பக்கம் போயிடாதே. முடிஞ்ச புரோகிராம் கோடு கைவசம் இல்லாம அரைகுறை புரோகிராமை வெச்சு செஞ்சாங்க, மூடுபனி மெலிஞ்சு மறைஞ்சிருக்க வேண்டியதெல்லாம் பல்லை இளிக்கும். பிசி பதிப்பு டிஸ்க் யாருகிட்டயாவது இருந்தா ரசிகர்கள் செஞ்ச என்ஹான்ஸ்டு எடிஷன் பேட்ச் போட்டு ஆடலாம். இல்லேன்னா 2024 ரீமேக்கே நல்லாத்தான் இருக்கு.

பழசுன்னா ரெசிடென்ட் ஈவில் ஆடு. 1996, 1998 பதிப்பெல்லாம் ஜிஓஜி-ங்கிற ஆன்லைன் கடையில 2024-ல விற்பனைக்கு வந்துடுச்சு. நேரா ரெண்டாவதுக்கே போ.

புதுசாவந்தவன் எழுதியது:

வாங்கிட்டேன். முதல் தெருவுலயே செத்தேன். மேலே அழுத்தினா ஆள் மேலே போகாம அவன் பார்க்குற பக்கம் போறான். திரும்பணும்னா லாரி மாதிரி வளைஞ்சு திரும்புறான். இதை எப்படிய்யா ஆடினீங்க?

நிலவறை எழுதியது:

மேலே-ன்னா திரையில மேலே இல்லை, லியானுக்கு முன்னால. அப்படியே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஓடு. கேமரா சட்டுனு வேற கோணத்துக்கு மாறும், உன் கட்டைவிரலை மாத்தாதே. அவன் நேராவே போய்க்கிட்டு இருப்பான். நீ சொல்ற மாதிரி இருந்திருந்தா கேமரா மாறுற ஒவ்வொரு தடவையும் திசை குழம்பி ஜாம்பி மேலயே போய் விழுந்திருப்பே.

துப்பாக்கிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தியா?

புதுசாவந்தவன் எழுதியது:

போயிட்டேன். ஜன்னல் வழியா வந்துட்டானுங்க. திரும்ப முதல்ல இருந்து.